நல்லையா பொட்டு வைத்த கண்ணாடிகள்

துரைமாரைப் பற்றி எழுத ஆட்கள் ஏராளம். அவர்கள் சுட்ட யானை, ஆடிய பந்து, ஏறிய குதிரை எல்லாம் எழுதியாகிவிட்டது. இலங்கையில் பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், பெரியதுரைக்கு உதவியாக இருந்த வெள்ளைக்காரச் சின்னத்துரை ஒருவர் பறவைகளைப் படம் பிடித்துக்கொண்டு திரிந்ததையும் யாராவது எழுதியிருப்பார்கள். அந்தப் படப்பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு, மழையில் நனையாமல், பள்ளத்தில் விழாமல் மலை மலையாகச் சுமந்தவர் நல்லையா. நான் எழுதப்போவது அவரைப் பற்றி. துரைக்கு ‘அவர்’ போட்டு, சுமந்தவருக்கு ‘அவன்’ போடுகிற பழக்கம் எனக்கு இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நல்லையா முதலில் கவ்வாத்துக்காரர். வளர்ந்த தேயிலைச் செடியை வெட்டி மட்டமாக்குகிற வேலை அது. ஒருநாள் ஈரத்தில் கத்தி வழுக்கி இடது முழங்காலில் இறங்கியது. காயம் ஆறியது; கால் மட்டும் மடங்க மறுத்துவிட்டது. அதன்பிறகு பெரட்டில், அதாவது விடியற்காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற களத்தில், கங்காணி அவரை அரைநாள் சம்பளத்துக்கான அரைப்பேர் வரிசையில் நிறுத்தினார். கிழவர்களும் பிள்ளைகளும் நிற்கிற வரிசை. முப்பத்திரண்டு வயது மனுஷனுக்கு அங்கே நிற்பது எப்படி இருக்கும்? நல்லையா தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டே எட்டு மாதம் நின்றார்.

அந்த வரிசையிலிருந்து அவரை வெளியே எடுத்தவர் சின்னத்துரை. “பெட்டி தூக்க ஆள் வேணும். சத்தம் போடக் கூடாது. ஓடக் கூடாது” என்றார். ஓட முடியாத ஆளாகப் பார்த்துத் தேடியவருக்கு நல்லையாவைவிடப் பொருத்தமானவர் ஊவா முழுக்கத் தேடினாலும் கிடைத்திருக்க மாட்டார். மறுநாளே முழுப்பேர். அவர் வீட்டுக்காரி பெரியாயி அன்றைக்கு லயத்து வரிசை வீடுகளில் எல்லாருக்கும் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தாள்.

மூன்று வருஷம் இரண்டு பேரும் காடு காடாக அலைந்தார்கள். சிவப்பு அலகும் நீல உடம்புமாகக் கூட்டமாய்ப் பறக்கிற காட்டுக் காக்கை, கிழட்டு மரப்பொந்தில் குடியிருக்கிற இருவாச்சி, தேன்சிட்டு, பச்சைக்கிளி என்று ஒன்றையும் விடவில்லை. சின்னத்துரை மற்ற விஷயங்களில் மற்றத் துரைமாரைப் போலத்தான். கோபம் வந்தால் தொப்பியைக் கழற்றித் தரையில் அடிப்பார். ஆனால் பறவைக்கு முன்னால் பச்சைப் பிள்ளை. மூச்சைக்கூட அளந்துதான் விடுவார். நல்லையாவுக்கு அவரிடம் பிடித்தது அது ஒன்றுதான்.

மூன்று வருஷமும் பிடிபடாதது ஆறுமணிக் குருவி. புரட்டாசியில் இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வருவது. முதுகு பச்சை, தோளில் நீலம், கண்ணில் மை தீட்டியது போலக் கறுப்புப் பட்டை, வாலுக்கடியில் குங்குமச் சிவப்பு. காலையில் ஆறு மணிக்கும் மாலையில் ஆறு மணிக்கும் இரண்டு தரம் விசிலடித்தது போலக் கூவும். விடியலில் அடிக்கிற தப்பு மேளச் சத்தம் கேட்டுப் பெரட்டுக்குப் போகிறவர்கள் அந்தக் குரலையும் கேட்டுக்கொண்டுதான் போவார்கள். கேட்டவர் ஆயிரம் பேர், பார்த்தவர் நாலு பேர். புதருக்கடியில் சருகுக்குள் நடந்து திரிகிற குருவி அது.

அந்த வருஷம் லயத்துக்குக் கீழே பீலிக் குழாயின் ஊற்றுத் தண்ணீர் விழுகிற பள்ளத்தில் ஒன்று வந்து தங்கியது. நல்லையா ஒரு யோசனை செய்தார். வெயில் விழுகிற ஒரு கல்லைப் பார்த்து, அதைச் சுற்றிய சருகை முதல்நாள் மாலையே கிளறிவிட்டார். விடிந்தால் புழு மேலே வரும், புழுவுக்குக் குருவி வரும். மானாப்புல்லால் மறைப்புக் கட்டி இரண்டு பேரும் ஆறு நாள் காலையில் உட்கார்ந்தார்கள். ஏழாம் காலை குருவி கல்லின் மேலேயே வந்து நின்றது. சின்னத்துரை படம் பிடிக்கிற ரப்பர் உருண்டையை அமுக்கினார். பெட்டிக்குள் படம் விழுகிற கண்ணாடியை மாற்றி மறுபடி அமுக்கினார். நாலு கண்ணாடி. குருவி பறந்தபிறகு அவர் நல்லையாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் நல்லையா வெகுநேரம் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தார்.

பங்களாவுக்கு வந்ததும் சின்னத்துரை வழக்கம்போல ஸ்டோர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடிகளைக் கறுப்புக் காகிதத்தில் சுற்றிச் சிறுபெட்டியில் வைப்பது எப்போதும் அந்தச் சாத்திய கதவுக்குப் பின்னால்தான். நல்லையா எப்போதும் வெளியே நிற்பார். கோயிலில் அலங்காரத்துக்குத் திரை போடுவது போல ஏதோ துரையின் நேமம் என்று நினைத்துக்கொண்டார். கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

“இந்தப் பெட்டி உன் பொறுப்பு. உடையக் கூடாது, தண்ணி படக் கூடாது. பூஜை முடிஞ்சதும் பதுளைப் படக்கடைக்குக் கொண்டு போ” என்று சொல்லிவிட்டுச் சின்னத்துரை ஹல்துமுல்லைக்குப் பந்தாடப் போய்விட்டார்.

மறுநாள் ஆயுத பூஜை. கவ்வாத்துக் கத்தி, மண் கிளறுகிற முள்ளு, கொழுந்துக் கூடை, தராசு, ஃபெக்டரி இயந்திரம் வரை எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். நல்லையாவின் ஆயுதம் எது? படப்பெட்டிதானே. குளித்து முழுகிப் பெரியாயியோடு பங்களா விறாந்தைக்கு வந்தார். பெட்டிக்கும், அதன் மூன்று காலுக்கும், ரப்பர் உருண்டைக்கும் பொட்டு வைத்தாயிற்று. பிறகு சிறுபெட்டியின் கயிற்றை அவிழ்த்தார்.

“ஏங்க, அதைத் தொறக்கணுமா? மேல வச்சாப் போதாதா?” என்றாள் பெரியாயி.

“கத்திக்கு வைக்காம உறைக்கு வைப்பாங்களா புள்ள?”

அவள் சந்தனக் கிண்ணத்தை எடுத்து நீட்டினாள். எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது. அலங்காரத்துக்குத் திரை வேண்டுமே என்று தடித்த கறுப்புத் துணியை மடித்துப் போர்த்தி, அதற்குள்ளேயே கையை விட்டு நாலு கண்ணாடியையும் காகிதம் பிரித்து வரிசையாக வைத்தார். விரலுக்கு ஒருபக்கம் வழவழப்பு, மறுபக்கம் சொரசொரப்பு. சொரசொரப்புப் பக்கத்தில், ஒவ்வொன்றின் நட்டநடுவிலும், கட்டைவிரலால் சந்தனத்தை அப்பி அதன்மேல் குங்குமத்தை அழுத்தி வைத்தார். துணியை விலக்கியதும் நாலும் வெயிலில் பால் நிறமாக மின்னின; குருவியைக் காணவில்லை, பதுளைக்குப் போனபிறகுதான் வரும் போலிருக்கிறது என்று நினைத்தார். கற்பூரம் காட்டிக் கும்பிட்டார். மறுபடி கறுப்புக் காகிதத்தில் பத்திரமாகச் சுற்றிக் கட்டினார். அன்றைக்கு அவரைப் போலச் சந்தோஷமாக இருந்தவர் அந்தத் தோட்டத்தில் வேறு யாரும் இல்லை.

பண்டாரவளை வரை நடை, அங்கிருந்து மாட்டுவண்டி. வண்டி குலுங்குகிறதென்று பெட்டியைப் பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டே பதுளை போய்ச் சேர்ந்தார். பஜாரில் படக்கடை வைத்திருந்த றவூப் முதலாளி பெட்டியை வாங்கிக்கொண்டு இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். நல்லையா வழக்கம்போல வெளியே நின்றார்.

கொஞ்ச நேரத்தில் கதவு படாரென்று திறந்தது.

“யா அல்லாஹ்! இதுல என்ன பூசி வச்சிருக்கு? ரெண்டு கண்ணாடி கரிச்சட்டியாப் போச்சு. யாரு தொறந்தது?”

“நாந்தாங்க முதலாளி. பூஜைக்குப் பொட்டு வச்சேன்.”

“எங்க வச்சு?”

“பங்களா விறாந்தையிலங்க. நல்ல வெயில்ல.”

றவூப் முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஏச வாயெடுத்தவர் நல்லையாவின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “இந்தக் கண்ணாடி ஒருக்கா வெளிச்சத்தப் பாத்ததோட அதுக்குள்ள படம் பதிஞ்சிருது. மறுபடி வெளிச்சம் பட்டா எல்லாம் அழிஞ்சு போகும். அதுக்குத்தான் தொரை கதவச் சாத்துறது. உங்களுக்கு ஒருத்தரும் சொல்லலையா?”

நல்லையா படியில் உட்கார்ந்தார். மூன்று வருஷம். ஏழு காலை. துரை குலுக்கிய கை. அழுகை வந்தது, அடக்கவில்லை. அரைப்பேர் வரிசை அவர் கண்முன்னே வந்து நின்றது. அதைவிட, நம்பிக் கொடுத்த பொருளைத் தன் கையாலேயே கெடுத்ததுதான் அவரை வதைத்தது.

றவூப் முதலாளி இளகிய மனுஷன். தேத்தண்ணீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “ஒரு வழி இருக்கு. நாலையும் ஒடைச்சிருவோம். வண்டி கொடசாஞ்சு விழுந்துட்டேன்னு தொரைக்கிட்டச் சொல்லுங்க. காலு இப்படி இருக்கிற மனுஷன், நம்பாம இருக்க மாட்டாரு. நானும் ஒரு கடுதாசி எழுதித் தாறேன்.”

நல்லையா முகத்தைத் துடைத்துக்கொண்டார். “வேணாங்க முதலாளி. இந்தக் கால வச்சுக்கிட்டு மூணு வருஷமா ஒரு நா விழுந்ததில்ல. விழுந்தேன்னு என் வாயால சொல்ல மாட்டேன். செஞ்சதச் சொல்லிட்டுப் போறேன். கெட்டுப் போனாலும் அந்தக் கண்ணாடிய அப்படியே குடுங்க.”

கெட்டதைக் கொடுப்பதானாலும் கழுவிக் கொடுக்க வேண்டும் அல்லவா? முதலாளி முனகிக்கொண்டே உள்ளே போய் இரண்டையும் மருந்தில் ஊறப் போட்டுக் கழுவி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். தூக்கிப் பிடித்துப் பார்த்தவர் கண்ணாடியை இன்னும் வெளிச்சத்துக்கு நெருக்கினார். கண்ணாடி முழுக்க அட்டைக் கறுப்பு. நட்டநடுவில் மட்டும் கட்டைவிரல் அகலத்துக்கு வட்டமாக ஒரு ஜன்னல். ஒன்றில் சருகு தெரிந்தது. மற்றதில் கல்லின் விளிம்பும் ஒரு சின்னக் காலும்.

“குங்குமம்!” என்றார் றவூப் முதலாளி. “செவப்பு இந்தக் கண்ணாடி கண்ணுக்குத் தெரியாது நல்லையா. நான் உள்ளுக்குச் செவப்பு வெளக்கு வச்சு வேல செய்றது அதுக்குத்தான். நீங்க பொட்டு வச்ச எடத்துல வெயில் ஏறல!”

மீதி இரண்டையும் எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினார். மூன்றாவதில் ஒரு சிறகு மட்டும். நாலாவதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். வட்டத்துக்குள் ஆறுமணிக் குருவி முழுசாக நின்றது. வாலின் நுனி மட்டும் இல்லை. நடுவில் பொட்டு வைப்பது நல்லையாவின் பழக்கம், நடுவில் குருவியை வைப்பது சின்னத்துரையின் பழக்கம். இரண்டும் அந்த ஒரு கண்ணாடியில் சந்தித்திருந்தன.

காகிதத்தில் படம் எடுத்தபோது சுற்றிலும் வெள்ளை, நடுவில் குருவி. முதலாளி மெல்லிய தூரிகையை எடுத்து, நல்லையா சொல்லச் சொல்ல நிறம் தீட்டினார். “வாலுக்கு அடியில?” என்று கேட்டார். நல்லையா தன் கட்டைவிரலை நீட்டிக் காட்டினார். நகக்கண்ணில் குங்குமம் இன்னும் ஒட்டியிருந்தது.

சின்னத்துரையிடம் நல்லையா ஒன்றையும் மறைக்கவில்லை. கதையைச் சொல்லி முடித்துப் படத்தை நீட்டினார். சின்னத்துரையின் முகம் சிவந்தது. தொப்பி தரையில் விழுந்தது. படத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். இரண்டு நாள் ஆளே வெளியே வரவில்லை, ஒரு சொல்லும் அனுப்பவில்லை.

மூன்றாம் நாள் விடியற்காலை நல்லையா யாரும் சொல்லாமலே பெரட்டுக்குப் போய் அரைப்பேர் வரிசையில் நின்றார். கங்காணி பேர் கூப்பிடத் தொடங்கும்போது பீலிப் பள்ளத்திலிருந்து ஆறுமணிக் குருவி கூவியது. களத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, நல்லையாவைத் தவிர. திரும்பினால், சின்னத்துரையும் குதிரைமேல் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லையா, நீ ஏன் இங்கே நிக்கிறே?”

“கண்ணாடியக் கெடுத்தவன் எங்கங்க தொரை நிக்கிறது?”

சின்னத்துரை குதிரையைத் திருப்பினார். கையைக் காட்டி அழைத்துக்கொண்டு பங்களாவுக்குப் போனார். ஸ்டோர் அறைக் கதவைத் திறந்து, “உள்ளே வா” என்றார். மூன்று வருஷத்தில் முதல் தடவை. இரண்டு பேரும் உள்ளே போனபிறகு கதவைச் சாத்தினார். சிவப்பு விளக்கை ஏற்றிப் புதுக் கண்ணாடி ஒன்றைக் காகிதத்திலிருந்து எடுத்து நல்லையாவின் கையில் கொடுத்தார்.

“கதவை நான் சாத்தினேன். ஏன் என்று உனக்குச் சொல்லவில்லை. தப்பு என்னுடையது” என்றார்.

அந்த வருஷம் மழை முந்திவிட்டது. வேறு படம் கிடைக்கவில்லை. குங்குமப்பொட்டு அளவுப் படம் சட்டம் போட்டுப் பங்களாச் சுவரில் ஏறியது. நல்லையா முழுப்பேரோடு மறுபடி பெட்டியைத் தூக்கினார்.

அடுத்த ஆயுத பூஜை பங்களாவின் அந்த இருட்டு ஸ்டோர் அறைக்குள் நடந்தது. பொட்டு இந்தத் தடவை பெட்டிக்கு மட்டும். கற்பூரம் கொளுத்தவில்லையா என்று கேட்டவர் சின்னத்துரை. உள்ளே கண்ணாடி இருக்கிறது, வேண்டாம் என்று சொன்னவர் நல்லையா.