காலையில் அமுக்க வேண்டிய ‘இல்லை’

என் பிள்ளைகள் மூவருக்கும் மூன்று தொழில். பெரியவனுக்கு ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி. மகளுக்குக் கன்னிவாடிப் பக்கம் குளிர்சாதனக் கிடங்கு. சின்னவனுக்குத் திண்டுக்கல்லில் லாரி ஆபீஸ். ஒருவர் இல்லாமல் ஒருவருக்குப் பிழைப்பு ஓடாது. ஆனாலும் பெரியவனும் சின்னவனும் பேசிக்கொள்வதில்லை. பெரியவன் தன் புது வீட்டுப் பால்காய்ப்புக்குத் தம்பியை நேரில் அழைக்காமல் வாட்ஸப்பில் பத்திரிகை அனுப்பினான். அன்றோடு நின்றது பேச்சு.

நான் மூன்றாம் வகுப்புவரை படித்தவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். இதை எழுதவே இரண்டு மாதம் ஆகிறது, ஆகட்டும். மூன்று தொழிலும் என் வாய் வழியாகத்தான் நடந்தன. பெரியவன் எனக்குப் போன் செய்வான், நான் சின்னவனைக் கேட்பேன், அவன் சொன்னதைத் திருப்பிச் சொல்வேன். ஒரு லோடு தவறியதில்லை.

அது பெரியவனுக்குக் கௌரவக் குறைவாகப் பட்டது. மூன்று இடத்திலும் கம்ப்யூட்டர் இருக்கிறதே, அவை தாங்களே பேசிக்கொள்ளட்டும் என்றான். சிரமம் என்னவென்றால், ஆளுக்கொரு கடையில் வாங்கிய சாப்ட்வேர். பிள்ளைகளைப் போலவே அவையும் பேசிக்கொள்ளவில்லை.

அவற்றைப் பேச வைக்கக் கோயம்புத்தூரிலிருந்து வழுக்கைத் தலையோடு ஒரு இன்ஜினியர் வந்தார். என் வீட்டுக் கூடத்தில் மூன்று பேரையும் உட்கார வைத்து விளக்கினார்.

“ஒருத்தர் சாப்ட்வேருக்குள்ள இன்னொருத்தர் கையை விட வேண்டாமுங்க. மண்டி ‘லாரி இருக்கா’ன்னு கேக்கும். லாரி ஆபீஸ் பதில் சொல்லும். அது ஒரு சர்வீஸுங்க. கேக்குற முறையும் சொல்ற முறையும் ஒரே மாதிரி இருக்கோணும். அதுக்குப் பேருதான் ஸ்டாண்டர்டு. உலகம் பூராவும் ஒத்துக்கிட்டதுங்க.”

“ஒட்டன்சத்திரம் ஒத்துக்கிருச்சா?” என்றேன்.

அவர் சிரித்துவிட்டுக் காபியைக் குடித்தார். அடுப்படி அவரவருடையது, ஜன்னல் வழியாகக் கேட்டால் கிண்ணத்தில் கொடுக்க வேண்டும், கிண்ணம் மட்டும் ஒரே அளவு என்று நான் புரிந்துகொண்டேன். சரியாகச் சொன்னேன் என்று அவரே ஒப்புக்கொண்டார். அவர் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் சரிதான்.

என்ன கேட்கலாம், என்ன பதில் வரலாம் என்று ஒரு ஒப்பந்தம் எழுதினார்கள். லாரி கேட்டால் பதில் இரண்டே: இருக்கிறது, இல்லை. கேள்வி வந்ததும் சின்னவன் ஒன்றை அமுக்க வேண்டும். அண்ணனும் தம்பியும் முகத்தைத் திருப்பிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள்.

முதல் வாரம் பாலக்காட்டு வியாபாரிக்கு முருங்கைக்காய் லோடு. இருபது வருஷமாக எங்களிடம் வாங்குகிறவர். மண்டிக் கம்ப்யூட்டரில் பச்சையாக ‘லாரி இருக்கிறது’ என்று வந்தது. கட்டுகள் தயார். லாரி வரவில்லை. சாயங்காலம் வேறு வண்டி பிடித்து அனுப்பினான் பெரியவன். காய் வாடிப் போய்ச் சேர்ந்தது. அடுத்த வாரமும் அதே பச்சை, அதே வாடல். வியாபாரி எனக்கே போன் செய்தார்.

“அம்மா, இன்னொரு தடவை இப்படின்னா நான் வேற மண்டிக்குப் போயிருவேன். வருத்தப்படக் கூடாது.”

இன்ஜினியர் ஓடி வந்து எல்லாவற்றையும் சோதித்தார். “கேள்வி சரியாப் போயிருக்குதுங்க. பதிலும் சரியா வந்திருக்குதுங்க. எங்க பக்கம் ஒரு தப்பும் இல்லீங்க. லாரிதான் வரலீங்க” என்றார்.

மூன்றாவது லோடு அன்று காலை ஏழு மணிக்கே லாரி ஆபீஸுக்குப் போய்ச் சின்னவன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். டிங் என்று கேள்வி வந்தது. அவன் ‘இருக்கிறது’ என்பதை அமுக்கப் போனான். கையைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏலே, லாரி எங்க நிக்குது?”

“எர்ணாகுளத்துல. லோடு எறக்கல இன்னும்.”

“பெறகு எதுக்குலே இருக்குன்னு அமுக்குற?”

“காலங்காத்தால ‘இல்ல’ன்னு எப்பிடிம்மா அமுக்குறது? தொழில் வெளங்குமா? நீதேன சொல்லிக் குடுத்த?”

உண்மைதான். என் வீட்டில் உப்பு தீர்ந்தால் ‘வாங்கணும்’ என்போமே தவிர, இல்லை என்று சொன்ன வாய் அடி வாங்கும். மண்டியிலும் யாரும் விடிந்ததும் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார்கள். ‘பாப்போம்’ என்பார்கள். இல்லை என்று அதற்கு அர்த்தம் என்பது சந்தைக்கே தெரியும். சின்னவன் என்னிடம் ‘பாப்போம்மா’ என்று இழுத்தால், நான் பெரியவனிடம் ‘வேற வண்டி பிடி’ என்று சொல்லிவிடுவேன். உலகம் பூராவும் ஒத்துக்கொண்டவர்கள் இதை யாரிடமும் கேட்கவில்லை போலும்.

இன்ஜினியருக்குப் போன் போட்டேன். “பாப்போம்னு ஒரு பட்டன் வையிங்க” என்றேன்.

“ஒப்பந்தத்தை மாத்தோணுமுங்க. மூணு பேரும் ஒத்துக்கோணும். ரெண்டு வாரம் ஆகுமுங்க.”

பெரியவனைக் கேட்டால் குதித்தான். “அவென் பாப்போம்னு போட்டுட்டு உக்காந்துருப்பான். நா எம்புட்டு நேரந்தேன் பாத்துக்கிட்டே இருக்குறது?” நியாயம்தான், அதைச் சொன்ன விதம்தான் பிடிக்கவில்லை.

மகள் போனில் விழுந்து விழுந்து சிரித்தாள். “ஏம்மா, நீ வளத்த பிள்ளைகளுக்கு ஏத்த கம்ப்யூட்டரு இன்னும் செய்யலம்மா!”

“போனை வையிடி.”

மணி ஏழரை. அங்கே மண்டியில் முருங்கைக்காய் கட்டிக்கொண்டிருந்தார்கள். “இல்லைன்னு அமுக்கு” என்றேன். சின்னவன் சுவரில் இருந்த சாமி படத்தைப் பார்த்தான். “பத்து மணிக்கு மேல அமுக்குறேம்மா.”

“பத்து மணிக்கு மேல வேற வண்டி எங்கலே கெடைக்கும்?”

அவன் கையைக் கட்டிக்கொண்டான். நான் திண்டுக்கல்லில் நாலு பேர் மதிக்கிற பொம்பளை. அறுபது வருஷமாகக் காலையில் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. எழுத்துக் கூட்டிப் படித்து, சரிதானா என்று இன்னொரு தரம் படித்து, என் விரலாலேயே அமுக்கினேன்.

ஒட்டன்சத்திரத்தில் சிவப்பாக வந்ததாம். கம்ப்யூட்டர் கெட்டுவிட்டதென்று பெரியவன் எனக்குப் போன் செய்தான். “கெடல. நாந்தேன் அமுக்குனேன். வண்டியப் புடி” என்றேன். பத்து நிமிஷத்தில் பிடித்துவிட்டான். பத்தரைக்கு லோடு கிளம்பியது.

மறுநாள் காலை பாலக்காட்டுக்காரர் கூப்பிட்டார். காய் பச்சையாக வந்து சேர்ந்ததாம், அடுத்த லோடும் எங்களுக்கே என்றார். பெரியவன் நடந்ததைச் சொல்லியிருப்பான் போல.

“இனிமே நீங்க இல்லைன்னு சொன்னா நம்புறேன் அம்மா.”

“வர்ற லோடுக்கு லாரி இருக்கு. எங்க லாரியேதேன்” என்றேன்.



“போட்டோ அனுப்புங்க” என்றார்.

சின்னவன் லாரிக்கு முன்னால் நின்று எடுத்து அனுப்பினான். முகத்தைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு நம்பர் பிளேட் தெரிகிற மாதிரி இன்னொன்று வேண்டும் என்று பதில் வந்தது. அதையும் அனுப்பினோம்.