மூன்று சீட்டுக்கட்டுகளும் ஒரு பித்தனும்

சூரியன் எட்டு மணிக்குமேல் உதிக்கும் ஊரில் நீங்கள் குடியிருந்ததுண்டா? தாயகத்தில் இதைப் படிக்கும் அன்பர்கள் நான் வடதுருவத்தைச் சொல்வதாக எண்ணிவிட வேண்டாம். பகாங் மாநிலத்துக் கேமரன் மலையைத்தான் சொல்கிறேன். ஜப்பானியர் மலாயாவைப் பிடித்ததும் எங்கள் கடிகாரங்களையெல்லாம் தோக்கியோ நேரத்துக்கு மாற்றி வைக்கச் சொன்னார்கள். முட்கள் கீழ்ப்படிந்தன, சூரியன் கீழ்ப்படியவில்லை. பெரட்டு என்று நாங்கள் சொல்லும் காலை ஆள்கணக்கு கும்மிருட்டில் நடந்தது. பெயரைக் கூப்பிட்டதும் குரல் கொடுத்தவர் அவர்தாமா, அவருக்காக வேறொருவரா என்பது கங்காணிக்கே தெரியாது. எனக்கு நேர்ந்த சங்கடம் வேறு. தோட்டத்து முருகன் கோவிலில் காலைப் பதிகம் பாடும் பொறுப்பு என்னுடையது. ஆறு மணிக்குப் பாடினால் பொழுதே விடிந்திராது. விடிந்தபின் பாடலாமென்றால் நான் ஸ்டோர் கிராணி, அதாவது கிடங்குக் கணக்கர், சாமான் அறையைத் திறந்தாக வேண்டும். முடிவில், இறைவன் தோக்கியோவின் ஆளுகைக்கு உட்பட்டவன் அல்லன் என்று தீர்மானித்து, வேலைக்குப் போகும் வழியில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நடந்துகொண்டே பாடினேன். செடிகள் ஆட்சேபிக்கவில்லை.

அந்தக் காலத்தில் எங்களை உண்மையாக அச்சுறுத்தியது கடிகாரமன்று, லாரி. சயாமில் ரயில் பாதை போடுவதற்கென்று லாரி வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். போனவர்களிடமிருந்து செய்தி வராது. யாரை ஏற்றுவது என்பதற்கு முறையான காரணம் எதுவும் தேவைப்படவில்லை. அதிகாரிக்கு ஒருவர்மேல் ஐயம் தோன்றினால் போதும். ஒரு நாள் அந்த ஐயம் அருளப்பன்மேல் விழுந்தது. அருளப்பன் துரையின் பங்களாவில் சமையற்காரர். துரையும் துரைசாணியும் சிங்கப்பூருக்கு ஓடிய பின்னும் பங்களாவை விட்டு நீங்காமல், இல்லாத துரைக்காக நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தவர். பங்களாவில் குடியேறிய ஜப்பானிய அதிகாரி, சமையலறைப் பரண்மேல் ஒரு தேயிலைப் பெட்டியைக் கண்டெடுத்தார். அதற்குள் மூன்று சீட்டுக்கட்டுகள் இருந்தன. ஆட்டச் சீட்டுகள் அல்ல. துரைசாணி ஓய்வு வேளையில் வருங்காலம் பார்க்கப் பயன்படுத்திய படச் சீட்டுகள். பத்திரமாக வை என்று அந்த அம்மையார் சொன்னதை அருளப்பன் தெய்வவாக்காகக் கொண்டு ஒளித்து வைத்திருந்தார். ஒளித்து வைத்ததே குற்றமாகிவிட்டது.

அருளப்பனின் மனைவி ரோசம்மாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். படத்துக்கு விளக்கம் சொல்லத் தெரிந்த ஆளைக் கூட்டிவரும்படி அதிகாரி கேட்டாராம். மொழிபெயர்க்க அழைக்கப்பட்ட ராவுத்தர் என் பெயரைச் சொல்லிவிட்டாராம். "லாரி நாளைக்கு வருதாம் ஐயா. நல்லாப் பேசி அவரைக் கூட்டிட்டு வந்துடுங்க" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் ஆறுதல் சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்திருப்பேன்.

ராவுத்தர் பக்கத்துத் தானா ராத்தா ஊரில் சாப்பாட்டுக் கடை நடத்துபவர். மலாயும் ஓரளவு ஜப்பானியமும் அறிந்தவராகையால், பிரியாணியை விட்டுவிட்டு மொழிகளைப் பரிமாறும் நிலைக்கு வந்திருந்தார். பங்களாவின் படியேறும்போது என் காதோடு உபதேசம் செய்தார். வெள்ளைக்கார அம்மாவின் விளையாட்டுச் சாமான் என்பதற்குமேல் ஒரு சொல்லும் நான் பேசக்கூடாது. அருளப்பனுக்கும் அதையே சொல்லியாயிற்று. "ரெண்டு பேரும் ஒண்ணையே சொன்னா தப்பிச்சிடலாம் லா" என்றார். நானும் மனமார ஒப்புக்கொண்டேன்.

மலாய் வழக்கில் நாங்கள் துவான் என்று மரியாதையாய் அழைத்த அதிகாரி உணவு மேசைக்குப் பின்னால் வாளை முழங்காலில் கிடத்தி அமர்ந்திருந்தார். அருளப்பன் சுவரோரம் நின்றிருந்தார். மேசைமேல் ஒவ்வொரு கட்டிலிருந்தும் எடுக்கப்பட்ட ஒரு சீட்டாக மூன்று கிடந்தன. கட்டுகளை நன்றாக ஆராய்ந்திருந்தார் அந்த மனிதர். படங்களுக்கெல்லாம் எண் வரிசை இருக்க, ஒரே ஒரு சீட்டு மட்டும் ஒரு கட்டில் எண் இல்லாமலும், ஒன்றில் பூச்சியம் இட்டும், மற்றொன்றில் எண்ணும் பெயரும் இரண்டுமே இல்லாமலும் இருப்பதைக் கண்டுபிடித்திருந்தார். அச்சீட்டில் இருப்பவன் தோளில் மூட்டை சுமந்த வழிப்போக்கன். ஒன்றில் மலை இருக்கிறது. இரண்டில் நாய் இருக்கிறது. மூன்றாவதில் நாய் இல்லை. ஆகவே இவன் காட்டுக்குள் பதுங்கியிருக்கும் எதிரிகளுக்குச் செய்தி கொண்டுபோகும் தூதன். நாய் இருந்தால் வழியில் காவல் உண்டு, இல்லாவிட்டால் வரலாம் என்று பொருள். அருளப்பன் அந்தச் சங்கேதத்தைக் காத்துவந்தவர். இது அதிகாரியின் துணிபு. உரையாசிரியர்கள் சிலரிடம்கூட இவ்வளவு கட்டுக்கோப்பான விளக்கத்தை நான் கண்டதில்லை.

விளையாட்டுச் சாமான் என்று சொல்வதற்காக வாயைத் திறந்தேன். அந்நேரம் பார்த்து என் கண் மூன்றாவது சீட்டின்மேல் விழுந்தது. அது துரைசாணி ஏதோ பழைய படத்தைப் பார்த்துத் தம் கையாலேயே வண்ணம் தீட்டியது. கந்தல் உடுத்த ஒருவர் நிற்கிறார். தலையில் வெள்ளை இறகுகள். கழுத்திலே ஒரு வீக்கம். அன்பர்களே, கொக்கிறகு சூடி, நஞ்சு நின்ற கண்டத்தோடு, கந்தலே ஆடையாக நிற்பவர் யார் என்று சிறு வயது முதல் பதிகம் ஓதியவனிடம் கேட்கவும் வேண்டுமோ? முதற் சீட்டைப் பார்த்தேன். நடந்துபோகும் ஒருவர், காற்சட்டை கிழிந்து தொடை தெரிகிறது, பின்னால் நாய். வயிரவக் கடவுள். இரண்டாவது சீட்டில் பனிமலை, உச்சியில் சூரியன், காலடியில் வெண்ணிற நாய்க்குட்டி, கையிலே ஒரு வெள்ளைப்பூ. ரோஜாவாம், வரைந்தவர் ஊமத்தம் பூவைக் கண்டதில்லை போலும். பலி ஏற்கும் கபாலத்தையும் அவர்கள் கண்டதில்லை. எனவே மூட்டையாக வரைந்துவிட்டார்கள். சாமான் பெயர்களுக்குமேல் ஆங்கிலம் அறியாத நான், படத்தின் கீழ் இருந்த ஆங்கிலப் பெயருக்கு என்ன பொருள் என்று அருளப்பனைக் கேட்டேன். பைத்தியக்காரன் என்றார். அவ்வளவுதான். இறைவனைப் பித்தன் என்று அழைத்து உருகிய அடியார்களின் வழியில் வந்த நான், அவன் திருவுருவத்தை விளையாட்டுச் சாமான் என்று எப்படிச் சொல்வேன்?

"துவானிடம் சொல்லுங்கள், இவர் எங்கள் சிவபெருமான்" என்றேன்.

ராவுத்தர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் மொழிபெயர்க்குமுன் சுவரோரத்திலிருந்து இருமல் கேட்டது. அருளப்பன் ஓரடி முன்வந்து, மன்னிக்க வேண்டும், அது ஆரோக்கியநாதர் என்றார். கொள்ளைநோயாளிகளுக்குத் தொண்டு செய்து, தாமும் நோயுற்று, காட்டில் கிடந்த அந்தப் புனிதரின் தொடைப் புண்ணை ஒரு நாய் நக்கி ஆற்றியதாம். மாதா கோவிலில் அவர் சுரூபம் தொடையைக் காட்டியபடியே நிற்கிறதாம். கையில் கோல், தோளில் பயண மூட்டை, பக்கத்தில் நாய், எல்லாம் சரியாக இருக்கின்றனவே என்றார். அப்படியானால் கழுத்து வீக்கம் என்ன என்று கேட்டேன். நெறிகட்டியிருக்கிறது, கொள்ளைநோய்க்கு அதுதானே அடையாளம் என்றார். நஞ்சு என்றேன். நோய் என்றார். இறகுக்கு என்ன பதில் என்று மடக்கினேன். அருளப்பன், காட்டில் படுத்திருந்தவர் தலையில் இறகு ஒட்டாதா என்றார். கொக்கு எங்கிருந்து வந்தது என்றேன். கொக்குக்கு எங்கே போகவேண்டும் என்று நாம் சொல்ல முடியுமா என்றார்.

ஊரில் இருந்தவரை எனக்கு இப்படி ஒரு வழக்கு நேர்ந்ததில்லை. தஞ்சைச் சீமையில் எங்கள் வயிரவர் சந்நிதி ஒரு தெருவிலும் அவர்கள் ஆரோக்கியநாதர் வேறொரு தெருவிலும் இருந்தார்கள். இரு நாய்களும் சந்தித்துக்கொள்ள வழியில்லை. கப்பலில் ஒரே தட்டில் படுத்து வந்து, ஒரே லயத்தில், தோட்டத்து வரிசைவீட்டில், பாதி உயரச் சுவருக்கு இப்பாலும் அப்பாலும் குடியேறியபின், என் பதிகம் அவர்கள் வீட்டு உலைக்கும், அவர்கள் செபமாலை என் வீட்டுத் தூக்கத்துக்கும் வந்து சேர்ந்தன. அயல்நாடு என்பது இதுதான். வேற்று மனிதரோடு வாழ்வது எளிது. நம்மூர் அண்டைத் தெருவோடு வாழ்வதற்குத்தான் கடல் கடக்க வேண்டியிருக்கிறது.

வழக்கு முதற் சீட்டின் நாய்க்கு வந்தது. அது தொடையைக் கவ்வுகிறது என்று விரலை வைத்துக் காட்டினேன். வயிரவரின் நாய் வேதமேயாதலால், வேதம் அவர் திருவடியை விடாமல் பற்றுகிறது என்று விளக்கினேன். அருளப்பனுக்கு முகம் சிவந்தது.

"உசுரு போனாலும் பரவாயில்ல கிராணியாரே. நாய் கடிக்குதுன்னு மட்டும் சொல்லாதீங்க. அது நக்குது."

"பல் தெரிகிறதே, அருளப்பா."

"நக்குறப்ப பல்லு தெரியாதா? ஒரு நாயாவது வளத்திருக்கீங்களா நீங்க?"

"ஐயாமாரே," என்றார் ராவுத்தர் மெல்ல, "அவரு கை வாளுக்குப் போயிருச்சு லா."

அப்போதுதான் எனக்கு ரோசம்மாள் நினைவு வந்தது. அதிகாரி ராவுத்தரை ஏதோ கேட்டார். பின்னர் ராவுத்தர் எங்களுக்குச் சொன்னபடி, இரண்டு சமயங்களுக்கு நடுவே தீர்ப்புக் கூறும் வேலை தமக்கு வேண்டாமென்று, "நாய் கடிக்கிறதா நக்குகிறதா என்று சண்டை, துவான்" என்று மட்டுமே மொழிபெயர்த்தாராம். அதிகாரி முதற் சீட்டை எடுத்து விளக்கருகே பிடித்தார். நெடுநேரம் உற்றுப் பார்த்தார். பக்கத்தில் நின்ற சிப்பாயிடம் நீட்டினார். சிப்பாயும் பார்த்து ஒரு சொல் சொன்னான். அதிகாரி தலையை ஆட்டி மறுத்து வேறொரு சொல் சொன்னார். சிப்பாய் உடனே விறைத்து நின்று தன் கருத்தை மாற்றிக்கொண்டான். எச்சொல் எது என்பதை ராவுத்தர் இன்றுவரை எங்கள் இருவருக்கும் சொல்ல மறுக்கிறார். கடைக்கு இரு தரப்பாரும் வரவேண்டுமாம்.

பிறகு அதிகாரி பேசினார். ராவுத்தரின் முகம் தெளிந்துகொண்டே வந்தது. "ஒற்றர்கள் என்றால் ஒரே பொய்யைப் பேசி வைத்துக்கொண்டு வருவார்கள். இவர்களுக்கு எதிரே கிடக்கும் ஒரு நாயைப் பற்றிக்கூட ஒத்துப்போகத் தெரியவில்லை. இவர்களிடம் யார் சங்கேதம் கொடுத்து வைப்பார்கள்? கூட்டிக்கொண்டு போ" என்றாராம். மலைச்சீட்டை என் பக்கமும் தொடைச்சீட்டை அருளப்பன் பக்கமும் எறிந்தார். நாயில்லாத மூன்றாமவரை, அந்த இறகு சூடியவரை, ஒரு கணம் தனியே பார்த்துவிட்டுத் தம் சட்டைப்பைக்குள் வைத்துப் பொத்தானிட்டார். ஏன் என்று கேட்கும் துணிவு எங்களில் எவருக்கும் இல்லை. அவர் ஊரிலும் யாரோ ஒருவர் அப்படி நின்றிருக்கலாம்.

அருளப்பன் நடந்தே வீடு திரும்பினார். வழி முழுதும் நாங்கள் பேசவில்லை. பேசினால் எங்கே போய் நிற்கும் என்று இருவருக்கும் தெரியும். மறுநாள் லாரி அவரில்லாமல் போயிற்று. போனவர்களை எண்ணித் தோட்டம் அன்று சிரிக்கவில்லை.

ரோசம்மாள், கணவரை மீட்டது எந்தச் சாமி என்னும் ஆராய்ச்சியில் இறங்கவில்லை. இரண்டு சீட்டுகளையும் எங்களிடமிருந்து வாங்கி, மரவள்ளி மாவைப் பசையாகக் காய்ச்சி, தன் வீட்டு வடக்குச் சுவரில் அருகருகே ஒட்டிவிட்டாள். எங்கள் வழக்கு இன்னும் தீரவில்லை. என் கருத்தை நான் மாற்றிக்கொள்ளப் போவதுமில்லை. ஆனால் அச்சுவருக்கு முன்னால் நின்றபோதுதான் அதுவரை எங்களில் யாரும் கவனிக்காத ஒன்றைக் கண்டேன். என்னுடையவர் இடப்பக்கம் நோக்கிப் போகிறார். அது மேற்கு, கடலும் கப்பலும் நாகப்பட்டினமும் உள்ள திசை. ஒரு கால் மலை விளிம்பில் இருக்கிறது. அடுத்த அடிக்குத் தரை இல்லை. அருளப்பனுடையவர் வலப்பக்கம், தேயிலைமலை ஏறும் திசையில் நடக்கிறார்; அவரை நாய் பின்னுக்கு இழுக்கிறது. இருவர் தோளிலும் மூட்டை இருக்கிறது. இறக்கி வைத்தவர் யாருமில்லை. முதுகுக்கு முதுகு காட்டி நிற்கும் அவ்விருவருக்கும் நடுவே ஒரு சாண் வெற்றுச் சுவர் இருந்தது. ரோசம்மாள் அந்த இடத்தில் ஓர் ஆணியடித்து, செம்பனை எண்ணெய் ஊற்றிய சிறு தகர விளக்கை மாட்டினாள்.