பின்னுக்குப் போகாத கார்

எங்கள் கார் சின்னது. எங்களைப் போன்ற அரைச் சம்பளக்காரரையும், குழி விழுந்த தெருக்களையும், வேகாத வெயிலையும் நினைத்து யாரோ ஒரு நல்ல மனிதர் வரைந்திருக்கிறார். முன் கண்ணாடிகள் பொத்தானை அழுத்தினால் இறங்கும், பின்னால் இருப்பவர் கையால் சுற்ற வேண்டும். ஐந்து பேர் இருக்கலாம். ஐந்தாவது ஆள் விரத காலத்தில் வந்தால் நல்லது. ஆனால் அதற்கு ஒரு வால் உண்டு. டிக்கி தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். எங்கள் ஊரான உடுப்பிட்டியில் வால் இல்லாததைக் கார் என்று எவரும் மதிப்பதில்லை என்பதால், அந்த வாலுக்காகவே அதை வாங்கினேன்.

வால்தான் வினையாகிவிட்டது. எனக்குக் காரைப் பின்னுக்கு எடுக்கத் தெரியாது. லைசன்ஸ் பரீட்சையன்று கண்ணை மூடிக்கொண்டு ஒருதரம் எடுத்தேன், எந்தக் கிரகம் காப்பாற்றியதோ தெரியாது. வாங்கிய மூன்றாம் நாளே மேற்கு மதிலை உடைத்து இரண்டாவது கேற் வைத்தேன். ஒன்றால் உள்ளே வருவேன், மற்றதால் வெளியே போவேன். மனைவி கேட்டபோது வாஸ்து என்றேன். கடைக்குப் போனால் சுற்றிவர வழியுள்ள இடத்தில்தான் நிறுத்துவேன். இப்படியே ஏழு மாதம் மானத்தைக் காப்பாற்றியிருந்தேன். நான் வேலை செய்யும் தபாற்கந்தோரில் என்னை எல்லாரும் ‘கார்க்காரர்’ என்று அழைக்கத் தொடங்கியிருந்தார்கள். அந்தப் பட்டத்தை இழக்க எனக்கு மனமில்லை.

அப்போதுதான் அந்தக் கலியாணம் வந்தது. மாப்பிள்ளை வல்வெட்டித்துறை, என் மனைவிக்குத் தூரத்து உறவு. பெண் உடுப்பிட்டி. மாப்பிள்ளை அழைப்புக்கு வால் உள்ள கார் வேண்டும் என்று எங்கள் காரைக் கேட்டார்கள். நானே ஓட்டுவதாகப் பெருமையாகச் சொன்னேன். மனைவி முதலே மண்டபத்துக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளை பின்னால் பலகாரத் தட்டங்களுக்கு நடுவே இருந்தார். அவருடைய மாமி தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் இருந்தார். நான் பட்டு வேட்டியோடு, வழக்கம்போலச் செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டினேன். வெறுங்காலுக்குத்தான் பிரேக் எது என்று நிச்சயமாகத் தெரியும்.

பாதி வழியில் ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய ஓர் ஒழுங்கை. எதிரே ஒரு லாண்ட்மாஸ்ரர், அந்த இரண்டு சக்கர உழவு இயந்திரம், வெங்காய மூட்டைகள் ஏற்றிய பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து நின்றது. இரண்டு பக்கமும் மதில்.

“அண்ணை, வைரவர் கோயிலடி மட்டும் பின்னுக்கு எடுங்கோ, அதிலை அகலம். பெட்டியோடை என்னாலை ஏலாது” என்றான் அதை ஓட்டியவன்.

“மாப்பிள்ளைக் கார் பின்னுக்குப் போகக்கூடாது தம்பி. சகுனப் பிழை” என்றேன். அந்த நிமிடம் நானே உண்டாக்கிய சாத்திரம் அது.

“ஓம், ஓம், கூடவே கூடாது” என்று மாமி அதை உடனே வேதமாக்கிவிட்டார்.

சுபநேரம் முடிய ஒரு மணித்தியாலம்தான் இருந்தது. லாண்ட்மாஸ்ரர்காரன் இறங்கி நின்று வெற்றிலை போடத் தொடங்கினான். மாப்பிள்ளை முன்னுக்குக் குனிந்து என் காதுக்குள் கேட்டார்: “அண்ணை, உங்களுக்கு ரிவேஸ் வராதோ?”

நான் ஸ்ரியரிங்கைத் துடைத்தேன்.

“இறங்கி இஞ்சாலை வாங்கோ. வள்ளம் ஏத்தின பெட்டியைக் கடல் மட்டும் பின்னுக்கு விடுற எனக்கு உது பெரிய வேலையே?”

“தம்பி, சகுனம்...” என்று மாமி தொடங்கினார்.

“மாப்பிள்ளையே ஓட்டினால் அது முன்னுக்குப் போற மாதிரித்தான் மாமி.”

நான் பின்னால் ஏறினேன், அவர் என் இடத்தில் ஏறினார். அவருடைய தலைப்பாகை காரின் முகட்டில் இடித்தது, மாலை ஸ்ரியரிங்கில் சிக்கியது. இரண்டையும் என்னிடம் தந்தார். மாலையைக் கையில் ஏந்தினேன். தலைப்பாகை நசுங்காமல் வைக்க என் தலையைத் தவிர வேறு இடமில்லை. அவர் ஒருதரம்தான் திரும்பிப் பார்த்தார். கார் என் வீட்டு நாய்போல அவருக்குப் பணிந்து, கோயிலடி வரை நேராகப் பின்னுக்குப் போனது. லாண்ட்மாஸ்ரர் கடந்து போனதும் இறங்கப் பார்த்தேன்.

“இருங்கோ அண்ணை, நேரம் போகுது. மண்டபத்துக்குக் கிட்ட மாறுவம்.”

மாற முடியவில்லை. மேளக்காரர் தெருவுக்கே வந்து காரைச் சூழ்ந்துகொண்டார்கள். மண்டப வாசலில் பெண்ணின் தம்பி செம்போடு நின்றான். லண்டனிலிருந்து முதல்நாள்தான் வந்தவன், மாப்பிள்ளையை நேரில் கண்டதில்லை. மாப்பிள்ளையின் காலைக் கழுவி வரவேற்பது அவன் கடமை, அதற்கு ஒரு மோதிரம் அவனுக்குக் கிடைக்கும். யாரோ பின் கதவைத் திறந்தார்கள். தலைப்பாகையைக் கொடுத்துவிடலாம் என்று அவசரமாகக் காலை வெளியே வைத்தேன். தலைப்பாகையைக் கண்டவன் குனிந்தான். குளிர்ந்த தண்ணீர் விழுந்தது. விரல் இடுக்கெல்லாம் பக்தியோடு கழுவினான்.

நிமிர்ந்து மோதிரத்துக்காகக் கையை நீட்டியபோதுதான் என் நரைத்த மீசையைப் பார்த்தான். அதே வேளை முன் கதவால் உண்மையான மாப்பிள்ளை இறங்கினார்.

கூட்டத்துக்குள்ளிருந்து என் மனைவியின் குரல் வந்தது. “எங்கடை கலியாணத்திலை ஒருக்கால் கழுவினது காணாதெண்டோ இஞ்சையும் வந்தனியள்?”

மேளக்காரருக்குச் சிரிப்பில் மூச்சு வரவில்லை, நாதஸ்வரம் நின்றுவிட்டது. எல்லாருக்கும் மாமிதான் விளக்கம் சொன்னார், ஒன்றையும் விடாமல். மனைவி என் பக்கம் திரும்பிக் கேட்டாள்: “அப்ப உந்த மேற்குக் கேற் வாஸ்து இல்லையோ?”

இந்த முறை மாப்பிள்ளையின் காலையே கழுவி, சுபநேரம் முடிய முன்னரே தாலி ஏறியது. பந்தியில் எனக்கு இரண்டு வடை கூடுதலாக வைத்தார்கள். மானம் போனபின் இவ்வளவு நிம்மதியாகச் சாப்பிடலாம் என்று எனக்கு முன்பு தெரிந்திருக்கவில்லை.

பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் மாப்பிள்ளை எனக்கு ரிவேஸ் எடுக்கப் பழக்கினார். மேற்குக் கேற்றைப் பூட்டி அதற்கு முன்னால் மனைவி வாழை வைத்துவிட்டாள். இப்போது ஒரே கேற்றால் வருகிறேன், போகிறேன், சிலவேளை தூணிலும் முட்டுகிறேன்.

பெண்ணின் தம்பி லண்டனிலிருந்து இன்னமும் என்னோடு கதைப்பான். காலைக் கழுவிய முறையில் என்னை அத்தான் என்றுதான் கூப்பிடுவான். சுகம் விசாரிப்பான், வாழை குலை போட்டதோ என்று கேட்பான். கடைசியில் மட்டும் குரலைத் தாழ்த்துவான்.

“அத்தான், அந்த மோதிரம்?”