அக்கா பேசாமல் விட்ட பாஷை

ஸ்பிரிங்வேலில் எங்கள் பக்கத்து வீட்டுத் தாய்லாந்து அக்காவின் மகளுக்கு நாலு வயது. பின்னேரங்களில் அவளைப் பார்த்துக்கொள்வது நான். யூனிவர்சிட்டியில் பேச்சுச் சிகிச்சை படிக்கிறேன். இரண்டாம் வருடம்தான், ஆனால் வாய் மட்டும் பேராசிரியர் வாய்.

அவர்கள் பாஷையில் காருக்கு ‘ரொட்’. அவள் பொம்மைக் காரை உருட்டிக்கொண்டு ‘லொட், லொட்’ என்பாள். அந்தச் சின்னதுகளுக்கு ப, ம, ந எல்லாம் முதலில் வந்துவிடும். நாக்கு நுனி துடிக்கிற ‘ர’ கடைசியாகத்தான் வரும், அவசரப்படுத்தக் கூடாது. எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனாலும் என் தமிழ் ‘ர’வை உருட்டி உருட்டிக் காட்டினேன். சரியாகச் சொன்னால் ஸ்டிக்கர். பிழைவிட்டால் விரலை ஆட்டி, ‘நோ நோ, ராங்.’ சில கிழமைகளில் ‘ரொட்’ வந்துவிட்டது. அக்காவுக்குச் சந்தோஷம். எனக்கு அதைவிடப் பெரிய எடுப்பு.

அப்போது தெரியாதது வேறொன்று. வீட்டிலும் சந்தையிலும் தாய்லாந்துப் பெரியவர்களே ‘ர’வை ‘ல’ என்றுதான் பேசுவார்களாம்.

ஒருநாள் அக்கா வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே மகளிடம் ஏதோ கேட்டார். அதில் ஒரு ‘லொட்’ இருந்தது. மகள் விரலை ஆட்டினாள். என் விரல், என் குரல்.

‘நோ நோ மம்மி, ராங்.’

அக்கா சிரித்தார். ஆனால் மறுநாளிலிருந்து அவளோடு இங்கிலிஷ்தான். ‘ஈட்.’ ‘கம், பாத்.’ ‘குட் கேர்ள்.’ அவரிடம் இருந்த இங்கிலிஷ் அவ்வளவுதான். சோற்றை வாயில் தீத்தும்போது நீளமாகச் சொல்லும் கதைகள் நின்றுபோயின.

அம்மாவிடம் சொன்னேன்.

“என்னோட நாலு வார்த்தை தமிழ்ல கதைக்கமாட்டாய். அங்க போய் பாஷை படிப்பிச்சனியோ?”

“அம்மா, நான் சீரியஸா சொல்றன்.”

“நானும்தான். போய்ச் சொல்லு, பிழை உன்னிலயெண்டு.”

போனேன். மகளுக்கு முன்னாலேயே, எளிய இங்கிலிஷில் சொன்னேன்: மம்மி பேசுவதுதான் சரி, பிழைவிட்டது நான், திரும்ப உங்கள் பாஷையிலேயே பேசுங்கள் அக்கா.

அவர் பதறிப்போனார். பிள்ளைக்கு முன்னால் படிப்பிக்கிற ஆள் தலைகுனிவதை அவரால் பார்க்க முடியவில்லை.

‘நோ, நோ. டீச்சர் நோ ராங்.’

பிறகு மகளின் இரண்டு கைகளையும் பிடித்துக் கூப்ப வைத்தார்.

‘சே தேங்க்யூ.’

அவள் சொன்னாள், பிசகில்லாத இங்கிலிஷில்.