கிளிமஞ்சாரோவுக்கு ஏழு நாள்

எங்கள் வீட்டு வரவேற்பறையில் ஒரு படம் தொங்குகிறது. கிளிமஞ்சாரோவின் எரிமலை வாய் விளிம்பில் நானும் மனைவியும் முகம் வீங்கி, பல் தெரிய நிற்கிறோம். வருகிறவர்கள் கேட்கும்போதெல்லாம், "மூண்டாம் முகாமில ஒரு நாள் நிண்டு இளைப்பாறினதாலதான் ஏறினம். அது என்ர கணக்கு" என்று பெருமையாகச் சொல்லி வந்திருக்கிறேன். மனைவி மறுத்துப் பேசியதில்லை. ஆனால் அது என் கணக்கு அல்ல.

யாழ்ப்பாணத்தில் இருபது வருடம் புவியியல் படிப்பித்தவன் நான். எரிமலைகளைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவேன். ஒன்றையும் நேரில் கண்டதில்லை. தொண்ணூறுகளின் நடுவில் ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில் ஒரு பதினெட்டு மாடிக் கட்டடத்தில் இருந்தோம். நான் ஒரு தொழிற்சாலையில் பெட்டி ஒட்டினேன். அவள் முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்தாள். கனடாக் கடவுச்சீட்டு கைக்கு வந்த அன்று, எரிமலை ஏறப் போகிறேன் என்றேன்.

"நானும் வாறன். உங்களைத் தனிய விட்டால் சப்பாத்தை மாறிப் போட்டுக்கொண்டெல்லோ போவியள்" என்றாள்.

திட்டமிடுவதில் என்னை விஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு எனக்கு. நூலகத்தில் வரைபடம் எடுத்து, பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் ஒவ்வொரு நாளும் ஏற வேண்டிய உயரத்தைக் கீறினேன். காலுறை எத்தனை சோடி, யார் எதைச் சுமப்பது, எல்லாம் அதில் இருந்தது. பின்னேரங்களில் முதுகுப் பைக்குள் பத்துக் கிலோ அரிசி மூட்டையை வைத்துப் படிக்கட்டில் ஏறிப் பழகினோம். எட்டாம் மாடிப் பிள்ளைகள், "அங்கிள், எலிவேட்டர் வேலை செய்யுதே!" என்று சிரிப்பார்கள். மனைவி அவர்களுக்குக் கையைக் காட்டிவிட்டு என்னைத் தாண்டிப் போய்விடுவாள்.

தொழிற்சாலை யூலைக் கடைசியில் இரண்டு கிழமை மூடும். அந்த விடுமுறையின் கடைசி ஞாயிறு, அவளுடைய அண்ணனின் மகனுக்குக் கலியாணம். மாப்பிள்ளைக்குச் சகோதரி இல்லை. அதனால் தாலி கட்டும்போது பெண்ணுக்குப் பின்னால் தோழியாக நிற்க வேண்டியவள் மாமியான இவள்தான். போகும் நாளை முன்தள்ள வழியில்லை. ஆறு நாளில் மலையை முடித்தால் சனிக்கிழமை விமானத்தில் ரொறன்ரோ வந்துவிடலாம். ஏழு நாளென்றால் அந்த விமானம் தவறிவிடும், அடுத்தது திங்கட்கிழமைதான்.

அப்போதுதான் கிளிமஞ்சாரோ வழிகாட்டிகளிடமிருந்து கடிதம் வந்தது. ஐம்பது வயதைக் கடந்தவர்கள் உடம்பு மெல்லிய காற்றுக்குப் பழக மூன்றாம் முகாமில் ஒரு நாள் தங்க வேண்டும், இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து வரலாம் என்று எழுதியிருந்தார்கள். எனக்கு ஐம்பத்தாறு, அவளுக்கு ஐம்பத்திரண்டு. மச்சானின் வாய்க்கும் சனத்தின் கதைக்கும் பயந்தேன். என் திட்டத்தில் பிழை வந்ததை ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை. அவளுக்கு ஆங்கிலம் மட்டுமட்டு. அந்த வரியை விட்டுவிட்டு வாசித்துக் காட்டி, "ஆறு நாள் காணுமாம்" என்றேன்.

சனிக்கிழமைகளில் அவள் ஆங்கில வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே ஒருநாள் வாசித்துப் பழக அந்தக் கடிதத்தையே கொண்டுபோயிருக்கிறாள். எனக்கு அது தெரியாது. அன்று பின்னேரம் பன்னிரண்டாம் மாடியில் நான் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்க, அவள் சட்டைப் பையிலிருந்து அதை எடுத்தாள்.

"இஞ்சேருங்கோ, ஐம்பது தாண்டின ஆக்கள் ஒரு நாள் நிக்கவேணுமாம். நீங்கள் எனக்கு வாசிக்கேக்கை உந்த வரி எங்க போனது?"

"உது எல்லாருக்கும் பொதுவா எழுதிறது."

"எல்லாருக்கும் எண்டால் எங்களுக்கும்தானே? செத்துப்போனால் ஆர் தோழியா நிக்கிறது, என்ர ஆவியோ?"

"கலியாணம்..."

"கலியாணத்தை நான் பாக்கிறன். நீங்கள் முதல்ல மூச்சை எடுங்கோ."

வீட்டுக்கு வந்ததும் அண்ணனுக்குத் தொலைபேசி எடுத்தாள். அவர் போட்ட சத்தம் குசினிவரை கேட்டது.

"மலைக்கோ? அங்க என்ன கோயிலே இருக்கு?"

"கோயில் இல்லை அண்ணை. நெருப்பு மலை."

"உன்ர மனுசனுக்குத்தான் விசர் எண்டு நினைச்சன்."

"எனக்கும்தான் அண்ணை. அஜக்ஸில இருக்கிற சித்தியின்ர மகளைத் தோழியா நிக்கச் சொல்லுங்கோ. சீலையை நான் வாங்கிக் குடுக்கிறன்."

பிறகு என் தாள்களை மேசையில் விரித்து, நான் கீறிய ஆறு நாளை அழித்து ஏழாக்கினாள். அவளுடைய பென்சில் கோடுகள் என்னுடையதைவிட நேராக இருந்தன.

மூன்றாம் முகாமில் நான் சுருண்டு விழுந்தேன். தலை பிளந்தது, குடித்த தண்ணீரும் வெளியே வந்தது. அவள் சேர்த்த அந்த ஒரு நாள் முழுவதும் கூடாரத்துக்குள் கிடந்துதான் எழுந்தேன். என் திட்டப்படி அன்று விடியவே மேலே போயிருந்தால் என்னைத் தூக்கிக்கொண்டுதான் இறங்கியிருப்பார்கள். மேலே போகும்போது அவள் எனக்கு முன்னால் நடந்தாள். எரிமலை வாயை முதலில் எட்டிப் பார்த்தவளும் அவள்தான். அந்தக் காலையை நினைத்தால் இப்போதும் என் நெஞ்சு நிமிர்கிறது.

மச்சான் இரண்டு வருடம் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பிறகு ஒருநாள் வந்து, அந்தப் பயணம் யாருடைய பிடிவாதம் என்று என் முன்னாலேயே அவளைக் கேட்டார். "நான்தான் போகவேணும் எண்டு நிண்டனான்" என்றாள். நான் மறைத்த வரியைப் பற்றி அவள் ஒரு சொல் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த நானும் வாய் திறக்காமல் தேத்தண்ணியைக் குடித்தேன்.