பட்டியலில் கடைசி ஆடு

எனக்குச் சந்தேகக் குணம் அதிகம். காய்கறிக் கடையில் தராசை இரண்டு முறை பார்ப்பேன். கோபமோ மூக்கின் மேலேயே இருக்கும். இந்த இரண்டும் சேர்ந்திருந்ததால்தான் அந்த வேலைக்குப் பொருத்தமானவள் என்று நினைத்தார்களோ என்னவோ.

ஆட்டின மேம்பாட்டுத் திட்டம் ஒன்றில் ஒப்பந்த வேலை. திண்டுக்கல்லிலிருந்து ஸ்கூட்டரில் குஜிலியம்பாறைப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய்ச் செம்மறிக் குட்டிகளை எடைபோட்டு எழுதி வரவேண்டும். மூன்றாம் மாதம் ஒரு எடை, ஆறாம் மாதம் ஒரு எடை. கூடவே குட்டியின் காதுவில்லை எண், தாயின் எண், தகப்பன் கிடாவின் எண். எல்லாம் கணினிக்குள் போய், குட்டிகளின் எடையை வைத்து எந்தத் தாயாடு எத்தனையாவது இடம் என்று பட்டியலாக வரும். மேலே இருப்பவற்றின் கிடாக்குட்டிகளை இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்வோம். கீழே கிடப்பவற்றைக் கழிக்கச் சொல்வோம். கழிப்பது என்றால் வியாபாரியிடம் கொடுப்பது. அதற்குப் பிறகு அது என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டோம்.

ஊர்க்காரர்கள் என்னை டாக்டரம்மா என்றார்கள். நான் டாக்டர் இல்லை. முதல் மாதம் திருத்திப் பார்த்தேன், அப்புறம் விட்டுவிட்டேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாம் வருடம் ஒரு பட்டியில் எனக்குச் சந்தேகம் தட்டியது. புருஷனும் பெண்டாட்டியுமாக அறுபது ஆடு வைத்திருந்தார்கள். அங்கே சில தாயாடுகளுக்கு மடி வற்றிக் கிடக்கும், குட்டி மட்டும் கொழுகொழுவென்று இருக்கும். எடை நாளன்று வயிறு முட்டப் பாலைப் புகட்டி என்னை ஏமாற்றுகிறார்கள் என்று முடிவு கட்டினேன். அதே பட்டியில் கறுப்பு முகத்தோடு பெரிய ஆடு ஒன்று, இரண்டு வருடமாகப் பட்டியலில் கடைசி. அதன் குட்டிகள் எடையே ஏறவில்லை. கழிக்கவேண்டிய எண்ணை நான் படித்தபோது அந்த வீட்டு அக்கா, "இதுவா?" என்று ஒருதரம் கேட்டார். "இதுதான்" என்றேன். ஏன் கேட்டார் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த எடை நாளில் வழக்கமான பத்து மணிக்குப் போகாமல், சொல்லாமல் கொள்ளாமல் விடியற்காலை ஆறு மணிக்கே போய் நின்றேன். கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்ற வெறி. நினைத்தபடியே ஆயிற்று. படல் கட்டிய அடைப்புக்குள் குட்டிகள் கத்திக்கொண்டிருந்தன. அக்கா ஒரு குட்டியை மடியில் இடுக்கிக்கொண்டு, பால்புட்டியின் ரப்பரை அதன் வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தார்.

"எடைபோடுற அன்னைக்கு இப்படித்தான் பாலை ஊத்துறீங்களாக்கா?"

அவர் நிமிர்ந்தார். கண் சிவந்திருந்தது.

"குடிக்க மாட்டேங்குதே டாக்டரம்மா. பொறந்ததுலருந்து அதுகிட்டதான ஊட்டுனேன். ரப்பரைத் துப்பித் துப்பிப் போடுது."

"எதுகிட்ட?"

"நீங்க கழிக்கச் சொன்ன ஆடுகிட்டதான்."

எனக்கு உடனே புரியவில்லை. அவர் சொல்லச் சொல்லத்தான் புரிந்தது. தாய் செத்த குட்டி, தாயிடம் பால் இல்லாத குட்டி எல்லாவற்றையும் கறுப்புமுகத்து ஆட்டிடம்தான் விடுவார்கள். காலையிலும் அந்தியிலும் ஆட்டை முழங்காலுக்குள் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஊட்டுவார்கள். அதன் சொந்தக் குட்டிக்கு மிச்சம் இருந்தால் உண்டு. அந்தப் பக்கத்துப் பட்டிகளில் இது பல் விளக்குவது மாதிரி அன்றாட வேலை. நான் பத்து மணிக்குப் போய் இறங்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். தாய் எண்ணை எழுதினேனே தவிர, குட்டி யாருடைய பாலைக் குடித்தது என்று நான் கேட்டதே இல்லை. அந்தத் தாளில் அதற்கு இடமும் இல்லை.

"ஏங்க்கா, இதை ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்க கேக்கலையே. கம்ப்யூட்டருக்குத் தெரியும்னு நெனச்சோம்."

ஆடு எங்கே என்றேன். அரை மணி நேரம் முன்னால்தான் வியாபாரி தன் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாராம். நான் வருவதற்குள் கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் டாக்டரம்மா சத்தம் போடும் என்று வீட்டுக்காரர் அவசரப்படுத்தினாராம். வியாபாரிக்குப் போன் போட்டோம், எடுக்கவில்லை. அடுத்த ஊரில் இன்னும் இரண்டு ஆடு ஏற்றவேண்டும் என்று அவர் பேசியது அக்காவின் காதில் விழுந்திருந்தது.

"ஏறுங்கக்கா" என்றேன்.

மெயின் ரோடு ஏறிவிட்டால் வண்டி எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாது. அந்த மண்பாதையில் பள்ளம் மேடு பார்க்காமல் ஸ்கூட்டரை விரட்டினேன். அக்கா என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு திருப்பங்களை மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

ஊர்க் கோடியில் வண்டி நின்றிருந்தது. பின்கதவைப் பூட்டிவிட்டு வியாபாரி ஏறப் போனார். நான் ஸ்கூட்டரைக் குறுக்கே நிறுத்தினேன். கம்பிக்குள் ஏழெட்டு ஆடுகளுக்கு நடுவில் அந்தக் கறுப்பு முகம் தெரிந்தது.

"ஏத்துன ஆட்டை எறக்குற வழக்கம் எங்ககிட்ட இல்லம்மா. ராசி போயிரும்" என்றார் வியாபாரி.

"தப்பு என்னுதுண்ணே. நான் எழுதுனதுதான் தப்பு."

என் வாயிலிருந்து சுலபத்தில் வருகிற சொல் இல்லை அது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்பத் தலைக்குத் தலை ஒண்ணு குடுங்க. எதுன்னு டாக்டரம்மாவே சொல்லட்டும். லிஸ்டு அவங்ககிட்டதான இருக்கு?"

பட்டியல் பையில்தான் இருந்தது. கடைசிக்கு முந்தின எண் எனக்கு மனப்பாடம். ஆனால் அதுவும் இப்படி ஓர் ஆடாக இருந்துவிட்டால்? பையை நான் திறக்கவில்லை. அக்கா என்னைப் பார்க்காமலேயே சொன்னார்.

"மடி கல்லாப் போன ஆடு ஒண்ணு இருக்கு. ஒரு சொட்டுப் பால் வராது. அதைத் தாரேன், வாங்க."

வண்டி திரும்பியது. அவர் பிடித்துக் கொடுத்த ஆட்டின் காதுவில்லையைப் பார்த்தேன். என் பட்டியலில் மேலிருந்து நான்காவது. அதன் குட்டி வளர்ந்தது கறுப்புமுகத்து ஆட்டின் பாலில்.

கறுப்புமுகத்து ஆடு இறங்கியதும் புட்டியைத் துப்பிய குட்டி ஓடிப்போய் மடியை முட்டியது. பின்னாலேயே இன்னும் மூன்று குட்டிகள். நான் தரையில் உட்கார்ந்து எது எதனிடம் குடிக்கிறது என்று எழுதினேன். அவசரத்தில் எழுத்து கோணலாகப் போயிற்று.

மறுநாள் திட்ட அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நல்ல மனிதர், கத்தவில்லை. தாளை வாங்கி, 'பால் கொடுத்த தாய்' என்று ஒரு கட்டம் புதிதாகச் சேர்த்தார். நல்லவேளை, நேரத்தில் பிடித்தோம் என்று இருவருமே சொல்லிக்கொண்டோம். அன்று நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

இரண்டு நாள் கழித்து, புதிய தாளோடு பக்கத்து ஊர்ப் பட்டிக்குப் போனேன். அங்கே ஆடு வைத்திருந்தவர் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். குட்டியைத் தூளியில் போட்டுத் தராசில் மாட்டிக்கொண்டே கேட்டேன்.

"அண்ணே, தாயில்லாத குட்டிகளுக்கு எந்த ஆட்டைப் பிடிச்சு ஊட்டுவீங்க?"

"இப்ப இல்லையேம்மா" என்றார் அவர். "அதைத்தான் போன வருசமே கழிக்கச் சொல்லிட்டீங்களே."

அவர் குரலில் கோபம் துளியும் இல்லை. எடை சரியாகத் தெரியட்டும் என்று தூளி ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கப்புறம் அந்தக் குட்டிகள்?"

"ஒண்ணும் உசுரோட நிக்கல."

"எத்தனைண்ணே?"

"நாங்க என்னத்தக் கண்டோம். நீங்கதான எழுதுனீங்க?"

குட்டியை இறக்கிவிட்டுப் பழைய பதிவேட்டைப் புரட்டினேன். போன வருடப் பக்கத்தில் எல்லாம் இருந்தது. ஐந்து குட்டிகள். இறப்புக்குக் காரணம் என்ற கட்டத்தில் ஐந்துக்கும் என் அழகான கையெழுத்தில் ஒரே வார்த்தை, பலவீனம்.