பயன் சொல்ல அண்ணையைக் கூப்பிட்டார்கள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் எங்கள் சண்டிலிப்பாய் வாசிகசாலை அலுமாரியில், ஊர்வீடுகள் கொடுத்த ஓலை ஏடுகள் கிடந்தன. தோட்டத்தில் புகையிலைக்கு இறைத்துவிட்டு வந்து, அவற்றைத் தூசு தட்டி வாசித்தவன் நான் ஒருவன்தான். ஒரு கட்டு முழுவதும் எங்கள் ஊர்க்கதை. யார் குளம் வெட்டினான், யார் யாரோடு அடிபட்டான், எல்லாம் பாட்டாக இருந்தது.

வாசிகசாலைச் சங்கத்தார் அதைக் கோயிற் புராணபடிப்புப் போல நடத்த நினைத்தார்கள். ஒருவர் பாட்டை வாசிப்பார், மற்றவர் அதன் பொருளை விரித்துப் பயன் சொல்வார். சனம் பயன் சொல்பவரைத்தான் பார்க்கும். அந்த இடம் எனக்கு வேண்டும். ஏட்டைக் கண்டெடுத்தவன் நான். கூப்பிட்டது என் அண்ணையை.

எங்கள் தகப்பனார் ஒரு பிள்ளையைத்தான் இங்கிலீஷ் படிப்பித்தார். அண்ணை வாத்தியாரானார். மண்வெட்டி எனக்கு.

"தம்பி, உனக்கு நல்ல குரல். நீ வாசி. கொண்ணை வாத்தியாரெல்லோ, அவர் விளக்குவார்," என்றார் சங்கத் தலைவர்.

அண்ணை ஏட்டை முன்கூட்டித் தொட்டும் பார்க்கவில்லை. "பாட்டு வரட்டும், பாப்பம்," என்றார். சபை நடுவில் அவர் இருந்த இருப்பைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

அன்று நான் வாசித்த ஒரு பாட்டில், ஒருவனின் தலையிலிருந்து தண்ணீர் வழிகிறது. பங்குக் கிணற்றில் இறைப்பு முறைக்குச் சண்டை வந்து, தண்ணீர் அள்ளும் ஓலைப் பட்டையால் அடி வாங்கியவன் அவன். அண்ணை கண்ணை மூடிக்கொண்டு, சிவபெருமான் சடையிலிருந்து கங்கை இறங்கிய அழகை உருகி உருகிச் சொன்னார். சனம் கையெடுத்துக் கும்பிட்டது. கிழவி ஒருத்தி அழுதாள்.

"அண்ணை, உது கங்கை இல்லை. கிணத்தடிச் சண்டை. பட்டையாலை மண்டையிலை போட்டிருக்கிறான்," என்றேன்.

"பயன் சொல்லேக்கை குறுக்கை கதையாதை," என்று பின்னால் ஒருவர் அதட்டினார்.

அண்ணை சிரித்தார். "ஓம், அதுக்குத்தான் வாறன். உவன்ரை தலையிலையும் கங்கை இறங்கினது. சடை இல்லாதபடியால் மண்டை வீங்கிப்போச்சு."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு அடித்தவன் குரலிலும் அடி வாங்கியவன் குரலிலும் பேசிக் காட்டினார். எனக்கு அப்படி வராது. அது தெரிந்ததால் இன்னும் எரிந்தது.

முடிந்ததும் தலைவர் என்னிடம் வந்தார். "மற்றக் கட்டு ஏட்டையும் நீ வாசி, கொண்ணை சொல்லட்டும்."

"அதுக்குப் பயன் நான்தான் சொல்லுவன். இல்லாட்டி நீங்களே ஏட்டை வாசியுங்கோ," என்றேன்.

ஏடு வாசிக்க வேறு ஆள் இல்லை. விட்டுக்கொடுத்தார்கள். அடுத்த முறை நானே வாசித்து நானே சொன்னேன். ஒரு பிழையும் விடவில்லை. பாதிச் சனம் இடையில் எழும்பிப் போனது. அண்ணை மட்டும் கடைசிவரை முன்னால் இருந்து கேட்டார். அவரும் போயிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.